அப்பாரு தொப்பியும் பச்சைக் கறையும்

வெள்ளை வேட்டியைக் கம்பிக் கொடியில காயப்போட்டுத் துருக்கறை வாங்காத ஆள் எங்க ஊர்ப்பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க. முதுகுப்பக்கம் செங்கல் கலர்ல ஒரு கோடு விழும். எத்தனை தடவை அடிச்சுத் துவைச்சாலும் போகாது. அந்த வேட்டி அப்புறம் விசேசத்துக்கு ஆகாது, தண்ணி கட்டப் போறதுக்குத்தான். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுறவங்ககிட்ட கேட்டீங்கன்னா இன்னும் வயிறெரிஞ்சு சொல்லுவாங்க. துருக்கறை பட்ட பீஸ் திரும்பி வந்தா கூலி போச்சு.

இத்தனை தெரிஞ்சும், எங்க அப்பாரோட தொப்பியில நானே கறை ஏத்தி வெச்சேன். அந்தப் பழமைதான் இன்னைக்கு.

அப்பாரு 1943-ல பட்டாளத்துல சேர்ந்தார். துப்பாக்கி பிடிச்சு முன்னால போற பட்டாளம் இல்லீங்க. பயனியர் படை. ரோடு போடுறது, பாலத்துக்குக் கல் சுமக்குறது, ரயில்ல வந்த மூட்டையை இறக்குறது. காட்டுல மம்பட்டி பிடிச்ச கை, அங்கேயும் மம்பட்டிதான் பிடிச்சுது. இம்பால்ல இருந்து பர்மா எல்லையில இருக்கிற தாமு வரைக்கும் போற ரோட்டுல வேலை பார்த்ததா சொல்லுவார். அதுக்கு மேல அவர் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. மழையைப் பத்தி மட்டும் பேசுவார். "இங்க பேயுறதெல்லாம் மழையா? அங்க மழை பேஞ்சா மனுசன் மேல காளான் முளைக்கும்"பார்.

அந்த மழையாலதான் அவருக்கு அந்தத் தொப்பி கிடைச்சுது. வெள்ளைக்காரன் நம்ம வெயிலுக்குப் போட்டது நெட்டித் தொப்பி. தஞ்சாவூர்ல கோபுரம், பொம்மை எல்லாம் செய்யறாங்களே, அதே நெட்டிதான். வெயிலுக்கு நல்லா இருக்கும், காட்டு மழையில ஊறினா பொதுபொதுன்னு ஆயிரும். அதனால பர்மா பக்கம் இருந்த பதினாலாவது படைக்கு அகல விளிம்பு வெச்ச ஃபெல்ட் தொப்பி வந்துச்சு. ஒரு பக்கம் விளிம்பை மடிச்சு அமுக்குப் பட்டனால மாட்டிக்கலாம். மண்டைக்குக் காத்துப் போக ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன உலோக வளையம் வெச்ச ஓட்டை. உள்ளே நெத்தியைச் சுத்தித் தோல் பட்டை.

ஃபெல்ட்டுன்னா நெஞ்ச துணி இல்லீங்க. நூல் நூக்கறதும் இல்லை, தறியும் இல்லை. கம்பளி மயிரைச் சுடுதண்ணியில நனைச்சு அமுக்கி அமுக்கி உருட்டினா, மயிர்ல இருக்கிற பொடிச் செதில் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டுச் சடை பிடிச்ச மாதிரி இறுகிரும். நம்ம குரும்பர் நெய்யுற கம்பளியில இழையைப் பிரிச்சு எடுக்கலாம். இதுல பிரிக்க ஒண்ணுமே இல்லை. கறை உள்ள இறங்கிருச்சுன்னா இறங்குனதுதான். இதை நான் பின்னாடிதான் யோசிச்சேன்.

1946-ல அப்பாரு சோமனூர் டேசன்ல இறங்கி நடந்தே ஊருக்கு வந்தார். எங்க பெரியத்தைக்கு அப்ப அஞ்சு வயசு. அவங்க அப்பனையே அவங்களுக்கு அடையாளம் தெரியலை. தொப்பி போட்ட ஆளைப் பார்த்துட்டு மாட்டுச்சாளைக்குள்ள ஓடிப்போய் ஒளிஞ்சுக்கிட்டாங்களாம். அப்பாரு தேடிப்போய், ஒண்ணும் பேசாம, தொப்பியைக் கழட்டி அத்தை தலையில வெச்சிருக்கார். கண்ணு ரெண்டும் மறைஞ்சு போச்சாம். "உள்ளே ஒரே இருட்டு. வேர்வை நாத்தம். எங்கய்யன் வாசம் அதுதான்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்"னு அத்தை சொல்லுவாங்க. நூறு தடவை கேட்டிருப்பேன்.

தொப்பியில பித்தளை வில்லை ஒண்ணு இருக்கும். பட்டாளத்துல தொப்பியில குத்தியிருந்தது இல்லையாம், ஊருக்கு வந்தப்புறம் அப்பாரே தன் சாமானுக்குள்ள இருந்து எடுத்துக் குத்திக்கிட்டதாம். எழுத்து பாதி தேஞ்சு போச்சு. அப்பாரு 1983-ல போனதும் தொப்பி அத்தைகிட்டப் போச்சு. முப்பத்தாறு வருசம் அவங்க டிரங்குப் பொட்டியில, ஒரு பழைய மல் வேட்டியில சுத்தி, ஒரு துண்டு வசம்பை முடிஞ்சு போட்டு வெச்சிருந்தாங்க. பூச்சி ஒரு மயிரைத் தொடலை. 2019-ல, "எனக்கப்புறம் இத யாராச்சும் குப்பையில போட்டிருவாங்க, நீ வெச்சுக்க கண்ணு"ன்னு என் கையில கொடுத்தாங்க.

வாங்கிட்டு வந்து நான் செஞ்ச வேலையைக் கேளுங்க. வில்லை கறுத்துக் கிடந்துச்சு. பித்தளைன்னா பளபளன்னு இருக்கணும்ல? தொப்பியில இருந்து கழட்டாமயே, புளியையும் உப்பையும் சேர்த்துத் தேய்ச்சேன். குத்துவிளக்கு மாதிரி மின்னுச்சு. ஈரத் துணியில துடைச்சேன். மறுபடி கறுக்காம இருக்கத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. பின்னாடி கொக்கி ஒண்ணு ஒடிஞ்சிருந்துச்சு, அதுக்குப் பதிலா ஒரு இரும்பு ஊக்கைக் குத்தினேன். கடைசியா தூசி படாம இருக்கட்டும்னு நல்ல கெட்டியான பிளாஸ்டிக் பையில போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, பீரோ மேல வெச்சேன். அத்தை முப்பத்தாறு வருசம் செஞ்சதை விட நான் நல்லா செஞ்சுட்டதா நெனப்பு வேற.

நடுவுல கொரோனா, வாழைக்குச் சூறைக்காத்து, மகள் கல்யாணம்னு நாள் ஓடிப்போச்சு. போன ஐப்பசியில அத்தை போன் பண்ணினாங்க. "தையில குலசாமி கோயில் பொங்கலுக்கு வரேன் சாமி. எங்கய்யன் தொப்பிய ஒருக்காத் தொட்டுப் பார்க்கோணும்." எம்பத்தி நாலு வயசு அவங்களுக்கு. கண்ணுல ஆப்பரேசன் பண்ணியும் மங்கல்தான். இன்னொரு பொங்கலுக்கு வருவாங்களோ என்னமோன்னு அவங்க குரல்லயே இருந்துச்சு.

பையைப் பிரிச்சேன். வயித்தைக் கலக்கிருச்சுங்க. வில்லையைச் சுத்தி ஃபெல்ட்டுல பச்சையா ஒரு வட்டம், ரூவாக்காசு அகலத்துக்கு. வில்லை ஓரத்துல மெழுகு மாதிரி பச்சைப் பிசுக்கு. ஊக்கு குத்தின இடத்துல செங்கல் கலர்ல துரு. உள்ளே, ஊக்கோட முனை தோல் பட்டையில பட்ட இடத்துல, மை கொட்டின மாதிரி கருநீலப் புள்ளி.

என் மச்சான் திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்துல இருக்கார். அன்னைக்குச் சாயங்காலமே தொப்பியைத் தூக்கிட்டுப் போனேன். அவர் கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டு, ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாமா, ஒரு தொப்பியில மூணு கறை. மூணுக்கும் காரணம் வேற வேற. மூணும் நீங்க பண்ணுனது"ன்னார்.

முதல்ல கருநீலம். அது நமக்குத் தெரிஞ்ச விசயந்தானுங்க, யோசிக்கத்தான் இல்லை. அந்தக் காலத்துல கடுக்காய் ஊற வெச்ச தண்ணியில அன்னபேதி போட்டா மை. கடுக்காயில இருக்கிற துவர்ப்பும் அன்னபேதியில இருக்கிற இரும்பும் சேர்ந்தா கறுப்பு. தோல் பதனிடுறதும் அதே துவர்ப்புலதான். நம்ம பக்கம் மேட்டாங்காட்டுல மஞ்சளாப் பூத்துக் கிடக்கிற ஆவாரம்பட்டைதான் ஒரு காலத்துல தென்னாட்டுத் தோல் ஷாப்புக்கெல்லாம் முக்கியச் சரக்கு. துவர்ப்பு ஏறுன தோல்ல ஈர இரும்பு பட்டா, அது தோல்லயே மை காய்ச்சின மாதிரி. வாழைத்தாரு வெட்டுற கத்தி கறுக்கிறதும் கிட்டத்தட்ட இந்தச் சங்கதிதான். இருபது வருசமா வாழை வெட்டறேன்!

பச்சைப் பிசுக்கு தேங்காயெண்ணெயோட வேலை. பித்தளையில பாதிக்கு மேல செம்பு. எண்ணெய் நாள்பட்டா அதுல புளிப்பு ஏறும், அது செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு, பச்சை மெழுகா ஆக்கிரும். எண்ணெய் போட்டே தீரணும்னு நினைச்சேன் பாருங்க, அதுதான் ஃபெல்ட்டுக்குள்ள வடிஞ்சிருக்கு. தோல் பட்டையில கொழுப்பு இருந்தாலும் இதே கதைதான். பழைய பெல்ட்டுகள்ல பித்தளைக் குமிழைச் சுத்திப் பச்சையா நிக்குமே, பார்த்திருப்பீங்க.

புளி பழியைச் சுமக்குது, ஆனா பெரிய குத்தவாளி உப்புதான். புளி கறுப்பைக் கரைச்சுது, சரி. குத்துவிளக்கைத் தேய்ச்சா குடம் குடமாத் தண்ணி ஊத்திக் கழுவுறோம். தொப்பியில இருக்கிற வில்லையை எப்படிக் கழுவுறது? உப்பு இடுக்குல தங்கிருச்சு. உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், செம்பைத் தின்னும், தின்னு முடிச்சும் தீராது. திரும்பத் திரும்பத் தின்னும். எழும்பூர் மியூசியத்துல 1930-கள்லயே சிலைகளைக் காப்பாத்த ஒரு வேதியியல் கூடம் வெச்சாங்க. மண்ணுக்குள்ள கிடந்த வெண்கலச் சாமிகள் மேல வெளுத்த பச்சையாப் பொடி பூக்கிறதுக்கும் உள்ள போன உப்புதான் காரணம். அதை வெளிய இழுக்காம மேல மட்டும் துடைச்சா மறுபடி பூக்கும். சாமிக்கே அந்தக் கதின்னா அப்பாரு வில்லை எம்மாத்திரம்?

இதுல ஊக்கு வேற. இரும்பும் பித்தளையும் ஒட்டிக்கிட்டு நடுவுல உப்பு ஈரம் இருந்தா, அது ஒரு சின்ன பேட்டரி. இரும்பு தன்னைக் கொடுத்துப் பித்தளையைக் காப்பாத்தும். தனியாக் கிடந்திருந்தா அந்த ஊக்கு இந்த வேகத்துல துருப்பிடிச்சிருக்காது.

நம்ம ஊர்ல கடலும் இல்லை, வால்பாறை மாதிரி மழையும் இல்லை, எப்படிங்க இத்தனைன்னு கேட்டேன். மலை மறைவுல இருக்கிற பூமி, ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து உதட்டை வெடிக்க வைக்கும். மச்சான் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். "வெளியில வறட்சிதான் மாமா. இதுக்குள்ள பர்மா." நான் ஈரத்தோட கட்டி வெச்சிருக்கேன். பீரோ மேல ஓட்டு வீட்டுச் சூடு. பகல்ல ஃபெல்ட்டுல இருக்கிற ஈரம் ஆவியாகும், ராத்திரி குளிர்ந்து வில்லை மேல வேர்க்கும். தினமும். அத்தையோட மல் வேட்டி மூச்சு விட்டுச்சு, என் பை விடலை.

துரு நம்ம வீட்டு விசயம்னு லேசா நினைக்கிறோம். இதுக்குன்னே காரைக்குடியில மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்குதுங்க. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1948-ல நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல திறந்தது. அவங்க மண்டபத்துல கடலோரமா ஒரு நிலையம் வெச்சு, உலோகத் துண்டுகளை உப்புக் காத்துல காயப்போட்டு, எது எத்தனை நாள் தாங்குதுன்னு பார்த்துக்கிட்டு வந்திருக்காங்க. 1914-ல திறந்த பழைய பாம்பன் பாலம் ஓயாம சண்டை போட்டதும் அதே காத்தோடதான். அப்பாரு மண்டை வேர்வை அந்தத் தோல் பட்டையில மூணு வருசம் ஊறியிருக்கு. கடல் நம்மகிட்ட வர வேண்டியதில்லை, நாமளே சுமக்கிறோம்.

சரி, கறையை எடுக்க முடியுமா? சாயப்பட்டறையில பனியன் துணியில துரு பட்டா ஆக்சாலிக் அமிலத்துல எடுத்திருவாங்க. அது விசம், கண்டவங்க கையில கொடுக்கிற சாமான் இல்லை. தொப்பியில போட்டா கறை போற இடத்துல சாயமும் போகும், நனைஞ்ச எல்லை வரைக்கும் புதுசா ஒரு வளையம் நிக்கும், தோல் பட்டை சுருங்கும். பிளீச்சிங் பத்தி வாயே திறக்கக் கூடாது. அது கம்பளியையே கரைச்சிரும், துரு மட்டும் அப்படியே நிக்கும். மச்சான் கையை விரிச்சுட்டார். "இருக்கிற கறை இருக்கட்டும். இனிமே வளராம பார்க்கலாம்."

நான் கொஞ்சம் மல்லுக்கு நின்னேன். அத்தை கண்ணுல படுமேன்னு. "அவங்களுக்குத் தான் கண்ணு தெரியாதே"ன்னுட்டார் மனுசன். அது என்னமோ எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. கண்ணு தெரியாதவங்களை ஏமாத்தறதுக்கா தொப்பியைத் தூக்கிட்டு வந்தேன்?

வேலையை ஆரம்பிக்கு முன்னாடி கையுறை மாட்டச் சொன்னார். முயல் முடியில செஞ்ச பழைய ஃபெல்ட்டுன்னா பாதரசம் சேர்த்துப் பதப்படுத்தியிருப்பாங்க. தொப்பி செய்யற தொழிலாளிகளுக்குக் கை நடுக்கமும் புத்தி பேதலிப்பும் வந்ததுக்கு அதுதான் காரணம். அமெரிக்காவுல 1941-ல தான் நிறுத்தினாங்க. எங்க தொப்பி எந்த மயிர்னு சோதிக்காம ஆவி காட்டவோ, மூஞ்சிக்கு நேரா தட்டவோ வேண்டாம்னார். பழைய தொப்பி வெச்சிருக்கிறவங்க இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

ஊக்கை வெட்டித் துண்டு துண்டா எடுத்தோம், இழுத்தா துரு இன்னும் பரவுமாம். வில்லையைத் தனியாக் கழட்டினோம். பச்சை மெழுகை மூங்கில் பல்குச்சியால சுரண்டி, மிச்சத்தை டர்பன்டைன் தொட்ட பஞ்சுல எடுத்து, பேட்டரிக்கு ஊத்துற காய்ச்சி வடிச்ச தண்ணியில வில்லையை நாலஞ்சு தடவை ஊறப்போட்டு ஊறப்போட்டு மாத்தினோம். உப்பு போகணும்ல. நல்லாக் காய வெச்சப்புறம், மியூசியத்துல உலோகத்துக்குப் பூசுற மெழுகு மச்சான் எங்கேயோ வாங்கி வெச்சிருந்தார், அதை ரெண்டு தடவை மெல்லிசாத் தேய்ச்சார். எண்ணெய் இல்லை. பளபளப்பு ஏத்தவும் விடலை. கறுப்பு இருந்தா இருக்கட்டும், அது வில்லையோட தோலுங்கறார்.

ஃபெல்ட்டுல உதிர்ந்த துருப்பொடியை மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால, ஒரே பக்கமாத் தட்டிவிட்டோம். ஈரமே காட்டலை. காத்து ஓட்டை வளையங்களும் அமுக்குப் பட்டனும் கழட்ட முடியாத சாமான். அதுகளுக்கு மட்டும் குச்சி நுனியில மெழுகு. தோல் பட்டைக்கும் வளையத்துக்கும் நடுவுல பாலியெஸ்டர் தாளை வளையமா வெட்டிச் சொருகினோம். பழைய பி.வி.சி. உறை கிடந்துச்சு, அதை எடுத்தேன். பிடுங்கிட்டார். நாளாக நாளாக அதுவே அமிலம் விடுமாம். உள்ளே திணிக்க நான் நியூஸ்பேப்பர் எடுத்தேன், அதுக்கும் திட்டு. கஞ்சி போடாத வெள்ளைத் துணியைச் சுருட்டி வெச்சோம். தொப்பியை ஆணியில மாட்டாதீங்கன்னு தனியா ஒரு தடவை சொன்னார். வடிவமும் போகும், ஆணித் துருவும் ஏறும். அட்டைப்பொட்டிக்குள்ள ஈரம் உறிஞ்சுற நீல மணி ஒரு துணிப்பையில. அத்தையோட வசம்பையும் போட்டேன், தொப்பியைத் தொடாம ஒரு மூலையில.

தை வந்துச்சு. அத்தையும் வந்தாங்க, பேரன் கார்ல. சாமி கும்பிட்டு, கெடா விருந்து முடிஞ்சு, வாசல்ல கயித்துக்கட்டில்ல உக்காந்ததும் கேட்டாங்க. கொண்டாந்து மடியில வெச்சேன். விளிம்பைத் தடவினாங்க. மோந்து பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. அப்புறம் விரல் அந்த வட்டத்துக்கு வந்து நின்னுச்சு.

"இங்க என்ன கண்ணு, முரடு தட்டுது?"

"நாந்தானுங் அத்தை. புளி போட்டுத் தேச்சுப்போட்டேன். கறை ஏறிப்போச்சு. எடுக்க முடியலீங்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. தாழ்வாரத்துல பாத்திரம் கழுவுற சத்தம் மட்டும்.

"எங்கம்மாளும் ஒருக்காத் தேச்சா. அடுப்புச் சாம்பலைப் போட்டு. எங்கய்யன் ரெண்டு நாள் அவகூடப் பேசலை." சிரிச்சாங்களா இல்லையான்னு எனக்குச் சரியாத் தெரியலை. "வில்லை எங்க?"

தனியா டப்பாவுல வெச்சிருக்கேன், சேர்த்து வெச்சா மறுபடி கறை வரும்னு மச்சான் சொன்னதை எல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. "அதெல்லாஞ் செரி. இப்பக் குத்து."

என்ன பண்றது? வில்லைக்குப் பின்னால பாலியெஸ்டர் தாள் ஒண்ணு வெச்சு, பழைய ஓட்டை வழியாவே வெள்ளை நூலைக் கோத்துக் கட்டினேன். ஊக்கு இல்லை. கட்டி முடிக்கிற வரைக்கும் அத்தை கையை நீட்டிக்கிட்டே இருந்தாங்க. வாங்கி, பக்கத்துல நின்ன கொள்ளுப்பேரன் தலையில கவுத்தினாங்க. நாலு வயசுப் பையன். மூக்கு வரைக்கும் இறங்கிருச்சு. "இருட்டா இருக்குது ஆத்தா"ன்னான் உள்ளேயிருந்து.

அத்தை அதுக்கப்புறம் நெடுநேரம் எதுவும் பேசலை.

அவங்க கார் ஏறினப்புறம் நூலை அறுத்து வில்லையைக் கழட்டினேன். பையன் வேர்வை பட்டிருக்கும்னு தொப்பியை ஒரு ராத்திரி முழுக்கத் திண்ணையில, காத்துப்படுற இடத்துல வெச்சேன். மறுநாள் பொட்டியைத் திறந்தா நீல மணியெல்லாம் ரோஸ் கலருக்கு மாறிக் கிடந்துச்சு, ஈரம் குடிச்சிருச்சுன்னு அர்த்தம். சூடு பண்ணினா மறுபடி நீலமாயிரும். நான் அடுப்படிப் பக்கம் போறதைப் பார்த்துட்டு வீட்டம்மா கத்தினாங்க, "அந்த மருந்து மணிய என் வடைச்சட்டியில போட்டீங்கன்னா பாருங்க!" மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அளக்கிற பழைய தகரம் ஒண்ணைத் தேடிப்பிடிச்சு, வெளியில விறகடுப்பு மூட்டி வறுத்துக்கிட்டிருக்கேன்.